காட்டிக்கொடுத்தவரும் கையொப்பமிட்டவரும்: ‘ஜூலியஸ் சீசர்’ நாடகமும் கான்சாகிபு வரலாறும் – ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

அதிகாரப் போட்டியில் நிகழும் துரோகத்தை வரலாறு ஒருவகையிலும் நாடகம் வேறுவகையிலும் பதிவுசெய்கின்றன. ரோமானியத் தலைவர்களைப் பற்றிய ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகம் நண்பனைக் குத்தும் கத்தியையும், ஆட்சியாளர்கள் மேசையில் அமர்ந்து உயிர்களைப் பேரம்பேசும் காட்சியையும் அடுத்தடுத்து வைக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்பாண்டி நாட்டைப் பற்றிய கதைப்பாடல்களும் பிற்கால மேடை நாடகங்களும் கோட்டைக்குள்ளிருந்து காட்டிக்கொடுத்தவனை நினைவில் நிறுத்துகின்றன. ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவரைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. கான்சாகிபு எனப்படும் முகமது யூசுப்கானின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் முதன்மைச் சான்றாகவும், எட்டப்பன் என்ற பெயர் வசைச்சொல்லான நிகழ்வைத் துணைச் சான்றாகவும் கொண்டு இந்த வேறுபாட்டையும் அதன் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: துரோகம், இரண்டகம், கான்சாகிபு, புலித்தேவர், வடகரை, ஜூலியஸ் சீசர், எட்டப்பன், கதைப்பாடல்

முன்னுரை

நம்பிக்கைக் கேட்டைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உள்ளன. ‘துரோகம்’ வடமொழி வழி வந்தது. ‘இரண்டகம்’ பெரும்பாலும் உண்ட வீட்டோடு சேர்த்தே சொல்லப்படுவது. உணவிட்டவனுக்கும் உண்டவனுக்கும் இடையிலான கடப்பாட்டை அது முன்வைக்கிறது. ‘காட்டிக்கொடுத்தல்’ என்ற சொல்லோ ஒரு கையையும், அக்கை சுட்டும் ஒரு மனிதனையும் மனக்கண்முன் நிறுத்துகிறது. திருக்குறள் இப்பொருளைச் செய்ந்நன்றியறிதல் என அறத்துப்பாலிலும், கூடாநட்பு, உட்பகை எனப் பொருட்பாலிலும் பிரித்துப் பேசுகிறது. தனிமனித நன்றி கொல்லுதலும் அரசியல் உட்பகையும் தொடர்புடையவை. ஆயினும் ஒன்றல்ல என்ற தெளிவு அந்தப் பகுப்பில் உண்டு.

இத்தெளிவு பிற்காலத் தமிழ் வரலாற்றுக் கதையாடல்களில் தொடர்ந்ததா என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. வினாவை எழுப்புவதற்கு ரோமானிய நாடகம் உதவுகிறது. அதிகார வேட்கையும் துரோகமும் மேடைப்பொருளாகும்போது பார்வையாளர் மனம் யாரைக் குற்றவாளியாகக் கொள்கிறது, யாரைக் காணாமல் விட்டுவிடுகிறது என்பதை ‘ஜூலியஸ் சீசர்’ போல வெளிப்படையாகக் காட்டும் நாடகங்கள் குறைவு. எனவே முதலில் அந்நாடகத்தின் அமைப்பும், பிறகு அதன் துணையுடன் தென்பாண்டி நாட்டு வரலாறும் நோக்கப்படுகின்றன.

1. கத்தியும் மேசையும்

கி.மு. 44 மார்ச் 15 அன்று சீசர் கொல்லப்பட்டார். கொன்றவர்களில் முதன்மையான மார்க்கஸ் புரூட்டஸ், உள்நாட்டுப் போரில் பாம்பியின் பக்கம் நின்று தோற்றவர். சீசரால் மன்னிக்கப்பட்டு உயர்பதவி பெற்றவர். காசியஸும் அவ்வாறே மன்னிக்கப்பட்டவர். அன்று காலை செனட் அவைக்கு வரத் தயங்கிய சீசரைப் பேசி அழைத்துவந்த டெசிமஸ் புரூட்டஸ், சீசரின் உயிலில் மாற்று வாரிசாகவே குறிக்கப்பட்டவர். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்ற தமிழ் வழக்கு இம்மூவருக்கும் பொருந்தும்.

ஆயினும் இவர்களைப் பற்றிய தீர்ப்பு நூற்றாண்டுதோறும் மாறியது. தாந்தே தம் காவியத்தில் புரூட்டஸையும் காசியஸையும் யூதாஸோடு சேர்த்து நரகத்தின் அடித்தளத்தில் வைத்தார். 1599-இல் மேடையேறிய ஷேக்ஸ்பியர் நாடகமோ புரூட்டஸைப் பெருந்தகையாளனாகவே வழியனுப்புகிறது. ஷேக்ஸ்பியருக்குக் கிடைத்த மூலம், புளூட்டார்க் கிரேக்கத்தில் எழுதிய வாழ்க்கை வரலாறுகளின் தாமஸ் நார்த் செய்த ஆங்கில வடிவம் (1579). அம்மூலத்திலிருந்து அவர் எடுத்த நிகழ்ச்சிகளைவிட அவற்றை வரிசைப்படுத்திய முறையே இங்கு முக்கியம்.

இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்தில் புரூட்டஸ் தன் தோட்டத்தில் தனித்துப் பேசுகிறான். சீசர்மீது தனக்குச் சொந்தப் பகை எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறான். சீசர் இதுவரை செய்த கொடுமை ஒன்றையும் அவனால் சுட்ட இயலவில்லை. முடிசூடினால் அவர் எவ்வாறு மாறக்கூடும் என்ற அச்சத்தின்மேல்தான் கொலைக்கான நியாயம் கட்டப்படுகிறது. நியாயம் வலுவற்றது என்பதைப் பார்வையாளர் உணர்கின்றனர். ஆனால் துரோகம் செய்யப்போகிறவனின் மனம் அவர்கள் முன் திறந்துவைக்கப்பட்டுவிட்டது. வெறுக்க விரும்புகிறவரும் அவன் வாதத்தைக் கேட்டபின்பே வெறுக்க முடியும்.

நான்காம் அங்கத்தின் முதற்காட்சி சிறியது. மேடையேற்றங்களில் சில வேளை சுருக்கப்படுவது. சீசர் கொலைக்குப் பழிவாங்க எழுந்த ஆண்டனி, ஆக்டேவியஸ், லெபிடஸ் ஆகிய மூவரும் ஒரு மேசையில் அமர்ந்து கொல்லப்பட வேண்டியோர் பட்டியலைத் தயாரிக்கின்றனர். லெபிடஸ் தன் உடன்பிறந்தான் சாவுக்கு இசைகிறான். அதற்கு ஈடாக ஆண்டனியின் சகோதரி மகன் சாகவேண்டும் என்கிறான். ஆண்டனி தயங்காமல் அப்பெயருக்கு எதிரே புள்ளி வைக்கிறான். வரலாற்றிலும் கி.மு. 43-இல் இத்தகைய பட்டியல் வெளியிடப்பட்டது. அதற்குப் பலியானவர்களில் சிசரோவும் ஒருவர். நாடகத்தில் இக்காட்சியின் கூர்மையான இடம் வேறொன்று. சில நிமிடங்களுக்கு முன்புதான் சீசரின் உயிலைப் படித்துக்காட்டி, ஒவ்வொரு குடிமகனுக்கும் பணம் உண்டு என்று மக்களைக் கிளர்ந்தெழச் செய்தான் ஆண்டனி. இப்போது அதே உயிலைக் கொண்டுவரச் சொல்லி, கொடுக்கவேண்டிய தொகையை எப்படிக் குறைக்கலாம் என்று பார்க்கிறான். உயிலை எடுத்துவரப் போன லெபிடஸ் வெளியேறியவுடனேயே அவன் எதற்கும் தகுதியற்றவன் என்று ஏளனம் செய்கிறான்.

புரூட்டஸின் கத்திக்குத்து ஒரு மனிதனுக்கு இழைக்கப்பட்ட துரோகம். மேசையில் நடப்பது உறவினருக்கும், கூட்டாளிக்கும், நம்பித் தெருவில் இறங்கிய மக்களுக்கும் ஒரே அமர்வில் இழைக்கப்படும் துரோகம். அங்கே யாரும் குரலை உயர்த்துவதில்லை. மேசையில் அமர்ந்தவர்களை ரோமாபுரி பின்னர் ஆட்சியாளர்கள் என்று அழைத்தது. துரோகத்தின் இந்த இரு வடிவங்களையும் ஒரே நாடகத்தில் வைத்ததால், முதலாவதை மட்டும் கண்டு பார்வையாளர் மனநிறைவோடு வீடு திரும்ப இயலாது.

2. கான்சாகிபு: ஒரு வாழ்வு, மூன்று தீர்ப்புகள்

இராமநாதபுரம் சீமையின் பனையூரில் பிறந்தவராக அறியப்படும் மருதநாயகம், இசுலாத்தைத் தழுவி முகமது யூசுப்கான் ஆனார். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்ப் படையில் உயர்ந்து அதன் கமாண்டன்ட் ஆனார். அப்பதவிப் பெயரே மக்கள் வாயில் ‘கம்மந்தான்’ ஆயிற்று. 1758-59-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது வெளியிலிருந்து பிரெஞ்சுப் படையை அலைக்கழித்தவர் அவர். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிருவாகம் அவர் கைக்கு வந்தது. வரி வசூலையும் ஆட்சியையும் தம் அதிகாரத்தின்கீழ் வைத்திருக்க விரும்பிய ஆர்க்காட்டு நவாப் முகமது அலிக்கும் அவருக்கும் பகை முற்றியது. கம்பெனி நவாபின் பக்கம் சாய்ந்தது. 1763-இல் கான்சாகிபு வெளிப்படையாக எதிர்த்து நின்றார். பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். மதுரைக் கோட்டை நெடுநாள் முற்றுகையைத் தாங்கியது. 1764 அக்டோபர் 13 அன்று திவான் சீனிவாசராவும் பிரெஞ்சுத் தளபதி மர்ச்சந்தும் உட்பட அவருடைய ஆட்களே அவரைப் பிடித்து மேஜர் கேம்பலிடம் ஒப்படைத்தனர். அக்டோபர் 15 அன்று மதுரையை அடுத்து அவர் தூக்கிலிடப்பட்டார். அவருடைய அடக்கத்தலம் சம்மட்டிபுரத்தில் உள்ளது.

இந்த ஒரே வாழ்வைப் பற்றி மூன்று தீர்ப்புகள் வழங்குகின்றன. கம்பெனியின் ஆவணங்களுக்கு அவர் கலகக்காரர், எஸ்.சி. ஹில் 1914-இல் வெளியிட்ட விரிவான வரலாற்றின் தலைப்பிலேயே அச்சொல் இடம்பெறுகிறது. ‘கான்சாகிபு சண்டை’ கதைப்பாடலுக்கு அவர் வீரர், உள்ளிருந்தோரால் வீழ்த்தப்பட்டவர். நா. வானமாமலை பதிப்பித்த இப்பாடல், வெள்ளையரின் ஊழியராக இருந்து, பின்பு அவர்களை எதிர்த்து மாண்ட ஒருவரை மத வேறுபாடு பாராமல் நாட்டார் மனம் ஏற்றுக்கொண்டதற்குச் சான்று. மேற்குப் பாளையங்களின் நினைவிலோ அவர் புலித்தேவரின் கோட்டைகளைத் தகர்த்த பகைவர். துரோகி, துரோகத்துக்குப் பலியானவர், பகைவர் என்ற மூன்று தீர்ப்புகளும் யாருக்கு யார் விசுவாசமாக இருந்திருக்கவேண்டும் என்ற முன்முடிவிலிருந்து பிறப்பவை. கம்பெனியின் உப்பைத் தின்றவர் என்று பார்த்தால் முதல் தீர்ப்பு; சீனிவாசராவ் தின்றது அவருடைய உப்பு என்று பார்த்தால் இரண்டாவது. உப்பிட்டவர் கணக்கு மூன்றாவதற்குப் பொருந்தாது. பாளையக்காரர் அவரிடம் எதையும் உண்டவரில்லை, அவரும் அவர்களிடம் உண்டவரில்லை.

ரோமானியத் தலைவர்களில் கான்சாகிபுக்கு மிக நெருங்கியவர் சீசரோ புரூட்டஸோ இல்லை, செர்டோரியஸ் எனலாம். ரோமின் படைத்தலைவராக ஸ்பெயினுக்குச் சென்ற அவர், உள்நாட்டுப் போரில் எதிர்ப்பக்கத்தவராகி, அந்நிலத்து மக்களையும் நாடுகடந்த ரோமானியரையும் திரட்டி ரோமின் படைகளையே எதிர்த்தார். தம் துணைத்தலைவன் பெர்பெர்னாவின் சூழ்ச்சியால் ஒரு விருந்தில் கொல்லப்பட்டார். புளூட்டார்க் அவர் வரலாற்றை எழுதினார். பிரெஞ்சு நாடகாசிரியர் கார்னேய் 1662-இல் அதை நாடகமாக்கினார். பெர்பெர்னா பின்னர் பாம்பியிடம் சிக்கியபோது, ரோமின் பெரிய மனிதர்கள் செர்டோரியஸுக்கு மறைவாக எழுதிய கடிதங்களைக் கொடுத்து உயிர்தப்ப முயன்றான். பாம்பி அக்கடிதங்களைப் படிக்காமலேயே எரித்தான், பெர்பெர்னாவைக் கொன்றான். உள்நாட்டுப் போர் மீண்டும் மூளாமல் தடுத்த விவேகம் என்று இச்செயல் புகழப்படுகிறது. எனினும் விளைவு கவனிக்கத்தக்கது. கையொப்பமிட்ட பெரியவர்களின் பெயர்கள் சாம்பலாயின. குத்தியவன் பெயர் மட்டும் எஞ்சியது. தென்பாண்டி நாட்டிலும் நினைவு இவ்வாறே செயற்பட்டது என்பதற்கு இரண்டு நிகழ்வுகளைச் சுட்டலாம்.

3. வடகரை, 1759

பண்பொழித் திருமலைக் குமாரசுவாமி கோயில் குன்றுக்குத் தெற்கே செங்கோட்டையும், அண்மையிலேயே வடகரையும் உள்ளன. மலையாள நாட்டிலிருந்து ஆரியங்காவுக் கணவாய் வழியே இறங்குவோர் முதலில் காலடி வைக்கும் சமவெளி இது. சொக்கம்பட்டிப் பாளையத்தாரின் வடகரை, நெற்கட்டும்செவல் புலித்தேவரோடு இணைந்து நின்ற மேற்குப் பாளையங்களுள் ஒன்று.

1755-இல் கர்னல் ஹெரானும் நவாபின் தமையன் மாபூசுகானும் வரி வசூலிக்கத் தெற்கே வந்ததையடுத்து உருவான எதிர்ப்பில், திருவிதாங்கூர் புலித்தேவரின் பக்கம் துணைநின்றது. 1759-இல் நிலை மாறியது. களக்காட்டுப் பகுதி தமக்கு விட்டுக்கொடுக்கப்படும் என்ற உடன்பாட்டின்பேரில் திருவிதாங்கூர், கான்சாகிபுவோடு சேர்ந்தது. சேர்ந்த படைகள் வடகரையைத் தாக்கின. அதன் பாளையக்காரர் புலித்தேவரிடம் அடைக்கலம் புகுந்தார். அவ்வாண்டின் இறுதியில் வாசுதேவநல்லூர்க் கோட்டையின்மீது நடந்த தாக்குதலைப் புலித்தேவர் முறியடித்தார். 1761-இல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகள் கான்சாகிபு வசமாயின. சில ஆண்டுகளுக்குள் உடன்பாட்டாளர்களான கான்சாகிபுவும் திருவிதாங்கூரும் களத்தில் எதிரெதிரே நின்றனர்.

இவை ராபர்ட் ஆர்ம், கால்டுவெல் ஆகியோரின் வரலாறுகளில் பதிவானவை; யாரும் மறைத்ததில்லை. எனினும் திருவிதாங்கூர் அணிமாறியதைத் ‘துரோகம்’ என்று குறிப்பிடும் வழக்கு எங்கும் வேரூன்றவில்லை. அது ‘உடன்படிக்கை’ என்றும் ‘அரசியல் நகர்வு’ என்றும் எழுதப்படுகிறது. வடகரையிலிருந்து இரவோடிரவாக ஓடிய குடிகளுக்கு இச்சொல்வேறுபாடு பொருளற்றது. கோட்டைக் கதவைத் திறந்துவிட்ட காவலன் ஒருவன் அகப்பட்டிருந்தால் அவன் பெயர் இன்றும் வசையாக வழங்கியிருக்கும். ஒரு மாவட்டப் பகுதியை விலையாகப் பெற்று ஒரு கூட்டணியையே கைவிட்ட அரசின் செயலுக்கு வசைச்சொல் கிடைக்கவில்லை. ஆண்டனியின் மேசைக்கு ஒப்பான ஒன்று இங்கே இருந்தது. அதை மேடைக்குக் கொண்டுவர ஒரு நாடகம் இல்லை.

4. பாரிஸ், 1763

இரண்டாவது நிகழ்வு தொலைவில் நடந்தது. ஏழாண்டுப் போரை முடித்த பாரிஸ் ஒப்பந்தம் 1763 பிப்ரவரி 10 அன்று கையெழுத்தாயிற்று. அதன் பதினோராம் உறுப்பின்படி, கருநாடகத்தின் முறையான நவாபாக முகமது அலியை ஏற்க இங்கிலாந்தும் பிரான்சும் இசைந்தன. அதே ஆண்டில் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. எந்த நாட்டின் கொடியை நம்பிக் கான்சாகிபு போருக்கு நின்றாரோ, அந்நாடு அவருடைய பகைவரை ஏற்கெனவே அங்கீகரித்துவிட்டிருந்தது. கப்பலில் செய்தி வந்துசேரப் பல மாதங்கள் ஆகும் காலம் அது.

முற்றுகையின் முடிவை இந்த ஒளியில் மீண்டும் நோக்கலாம். மர்ச்சந்த் தன்னை நம்பியவரைப் பிடித்துக்கொடுத்தது மறுக்க முடியாத செயல். ஆனால் மர்ச்சந்தின் அரசு அச்செயலை ஓராண்டுக்கு முன்பே காகிதத்தில் செய்து முடித்திருந்தது. சீனிவாசராவின் நிலையும் இவ்வாறே எண்ணத்தக்கது. உணவு குறைந்து, வெளியுதவிக்கு வழியற்று, வீழப்போகும் கோட்டைக்குள் இருந்த திவான் ஒருவர் எந்தக் கணக்கில் அம்முடிவுக்கு வந்தார் என்பது நாடகத்துக்கு உரிய வினா. அச்சமா, பேராசையா, கோட்டைக்குள் எஞ்சியிருந்தோர் உயிரைக் காக்கும் எண்ணமா என்று கேட்பதால் அச்செயல் நியாயமாகிவிடாது. புரூட்டஸுக்குத் தோட்டத்தில் கிடைத்த தனிமை சீனிவாசராவுக்குத் தமிழில் எங்கும் கிடைக்கவில்லை. தொழுகையின்போது பிடிக்கப்பட்டார் என்று வழங்கும் மரபு, செயலின் கொடுமையை உச்சத்துக்கு ஏற்றுகிறது. செய்தவரின் மனத்தை மூடிவிடுகிறது.

கதைப்பாடலின் உலகில் பாரிஸ் இல்லை. இருக்கவும் முடியாது, பாடியவர்களும் கேட்டவர்களும் முற்றுகைக்கு உட்பட்ட சீமையின் மக்கள். அவர்கள் கண்டது கோட்டை வாயிலையே. ஆதலின் வாயிலில் நின்றவன்மேல் பழி விழுந்தது. கதைப்பாடலைப் பொறுத்தவரை இது குறையன்று, பார்வை எல்லை. அவ்வெல்லையைப் பிற்கால எழுத்தும் மேடையும் கடந்தனவா என்பதே அடுத்து எழும் வினா.

5. எட்டப்பன்: பட்டம் வசையான வரலாறு

கான்சாகிபு தூக்கிலிடப்பட்டு 35 ஆண்டுகளுக்குப் பின், 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் வீரபாண்டியக் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து வெளியேறிய அவரைப் புதுக்கோட்டைச் சீமையில் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தவர்கள் தொண்டைமானின் ஆட்கள். எட்டயபுரம் பாளையக்காரர் கம்பெனிப் படைக்குத் துணைநின்றார்; பாஞ்சாலங்குறிச்சி நிலங்களில் ஒரு பகுதியைப் பின்னர் பெற்றார். இரு பாளையங்களுக்கும் எல்லைத் தகராறு முன்பே இருந்தது. இவற்றில் எட்டயபுரத்தின் பங்கை மறுக்க இடமில்லை.

எனினும் இரு அரசுகளில் ஒன்றின் பெயர் மட்டும் தமிழில் காட்டிக்கொடுப்பவனுக்குப் பொதுப்பெயர் ஆயிற்று. ‘எட்டப்பன்’ தனி ஒருவரின் பெயரன்று. அது அம்மரபில் வழிவழி வழங்கிய பட்டப்பெயர். ம.பொ.சிவஞானத்தின் நூலும், சக்தி கிருஷ்ணசாமி எழுதி 1957 முதல் சிவாஜி நாடக மன்றம் நடத்திய நாடகமும், 1959-இல் பி.ஆர். பந்துலு இயக்கிய திரைப்படமும் கட்டபொம்மனை விடுதலை வீரராக நாடெங்கும் கொண்டுசென்றன. அவ்வகையில் அவற்றின் பணி பெரிது. அதே வேகத்தில் எட்டப்பன் என்ற பெயரின் மேல் இருந்த கறையும் தமிழ் பேசும் ஒவ்வோர் ஊருக்கும் சென்றது.

இந்நாடகத்தின் மிகப் புகழ்பெற்ற காட்சி, ஜாக்சன்துரை முன் கட்டபொம்மன் வரி பற்றி வாதிடும் காட்சி. வரி கேட்க உனக்கு என்ன உரிமை என்ற வினாவை அது எழுப்புகிறது. உண்மையில் அவ்வினாவுக்கு வரலாற்றில் ஒரு தேதியோடு கூடிய விடை உண்டு. கம்பெனியிடமும் தனி ஆங்கிலேயரிடமும் பெருங்கடன் பட்டிருந்த நவாப், 1792 ஒப்பந்தத்தின்மூலம் பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் பொறுப்பைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். 1801 ஒப்பந்தத்தோடு கருநாடகத்தின் நிருவாகம் முழுவதும் கம்பெனிக்குச் சென்றது. பாளையக்காரர்களைக் கேளாமலேயே அவர்களுடைய கப்பம் கடனுக்கு ஈடாகக் கைமாறியது. வரிக்காட்சி வினாவை எழுப்பி, கைதட்டலைப் பெற்று, விடையின் வாசலில் நின்றுவிடுகிறது. கடன் பத்திரம் மேடையில் விரிக்கப்பட்டிருந்தால் எட்டப்பன் அந்நாடகத்தில் சிறிய பாத்திரமாகச் சுருங்கியிருப்பான்.

பழி ஒரு பெயரில் குவிவதால் ஏற்படும் விளைவையும் ஷேக்ஸ்பியர் காட்டியிருக்கிறார். மூன்றாம் அங்கத்தின் இறுதியில், ஆண்டனியின் பேச்சால் வெறிகொண்ட கூட்டம் சின்னா என்ற கவிஞனை மறிக்கிறது. கொலையாளிகளில் ஒருவனுக்கும் அதே பெயர். தான் அவனில்லை, கவிஞன் என்று அவன் சொல்லியும் பயனில்லை, பெயருக்காகவே தாக்கப்படுகிறான். இந்நிகழ்ச்சி புளூட்டார்க்கிலும் உண்டு. நாடகம் இதை மேசைக் காட்சிக்கு நேர்முன்னே வைத்திருக்கிறது. கூட்டம் ஒரு பெயரைத் தேடித் தெருவில் அலைந்துகொண்டிருக்கும்போது, அடுத்த காட்சியில் மூவர் அமைதியாகப் பட்டியல் எழுதுகின்றனர்.

எட்டயபுரத்துக்கு நேர்ந்ததும் இதனை ஒத்தது. முத்துசாமி தீட்சிதர் தம் இறுதிக்காலத்தைக் கழித்து 1835-இல் மறைந்த ஊர் அது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் அடக்கத்தலம் அங்குள்ளது. 1882-இல் சுப்பிரமணியன் என்ற சிறுவன் பிறந்ததும், ‘பாரதி’ என்ற பட்டம் பெற்றதும் அங்கேதான். ஒரு சமஸ்தானத்தின் இசை, தமிழ்ப் புரவலர் வரலாறு அனைத்தும் ஒரு வசைச்சொல்லின் நிழலில் வாசிக்கப்படுகின்றன. மறுபக்கம் 1792-ஆம் ஆண்டு ஒப்பந்தம் பொதுநினைவில் இடம்பெறவே இல்லை.

6. மறுப்பும் விடையும்

இவ்வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, நாடகத்துக்கு முகம் வேண்டும்; ஒப்பந்தம் முகமற்றது என்பது. மேசைக் காட்சியே இதற்கு விடை. ஒப்பந்தத்துக்கும் கைகள் உண்டு. அக்கைகள் புள்ளிவைக்கும்போது பேசும் சொற்கள் உண்டு. அவற்றை மேடையேற்ற நீண்ட காட்சியும் தேவையில்லை.

இரண்டாவது, இத்தகைய வாசிப்பு காட்டிக்கொடுத்தவர்களை விடுவித்துவிடும் என்பது. புரூட்டஸ் பேசுவதால் சீசரின் உடலிலிருந்த காயங்கள் ஆறிவிடவில்லை. நாடகத்தின் இறுதிவரை அவை அவனைத் தொடர்கின்றன. சீனிவாசராவும் எட்டயபுரத்தாரும் செய்தவை செய்தவையே. அவர்களோடு சேர்த்து எண்ணப்படவேண்டியவர்களை எண்ணுவது பழியைத் துடைப்பதாகாது. உரிய அளவில் பகிர்வதாகும்.

மூன்றாவது, ஆங்கில நாடகத்தை அளவுகோலாக வைத்துத் தமிழ் மரபை அளப்பது முறையா என்பது. இம்மறுப்பு வலுவானது. ‘ஜூலியஸ் சீசர்’ இங்கு உயர்ந்த வடிவமாகக் கொள்ளப்படவில்லை. ஒரு வினாவைத் தெளிவாக்கும் கருவியாகவே கொள்ளப்பட்டது. அவ்வினாவுக்கான இலக்கணம் தமிழிலேயே முன்பிருந்தது. செய்ந்நன்றியை அறத்திலும் உட்பகையை அரசியலிலும் வைத்துப் பேசிய மரபுக்கு, உண்ட வீட்டு இரண்டகத்தையும் அரசுகளின் இரண்டகத்தையும் பிரித்தறிய வெளியிலிருந்து பாடம் தேவையில்லை.

முடிவுரை

‘ஜூலியஸ் சீசர்’ நாடகம் துரோகத்தைக் கத்தியிலும் மேசையிலும் காட்டுகிறது. துரோகம் செய்பவனுக்குப் பேச இடம் தருகிறது. ஒரு பெயரின்மீது கூட்டம் பாய்வதன் கொடுமையையும் சுட்டுகிறது. கான்சாகிபு, கட்டபொம்மன் பற்றிய தமிழ்க் கதையாடல்கள் வீரத்தின் பக்கம் உறுதியாக நின்றன; எளிய மக்கள் கண்ட வாயிற்படியிலிருந்து வரலாற்றைப் பாடின. 1759 உடன்பாடு, 1763 பாரிஸ் ஒப்பந்தம், 1792 ஒப்பந்தம் ஆகிய மூன்று மேசைகளும் அவற்றின் பார்வைக்கு அப்பால் இருந்தன. அதனால் துரோகம் என்பது தனிமனிதக் குணக்கேடாகச் சுருங்கியது. ஆட்சி கைமாறிய முறை மறைந்தது.

கதைப்பாடல் தோன்றிய காலத்தில் அம்மேசைகளைக் காண வழியில்லை. இன்று ஒப்பந்த வாசகங்களும் கம்பெனியின் கடிதங்களும் ஆய்வாளர் கைக்கு எட்டும் நிலையில் உள்ளன. தென்பாண்டி நாட்டுக் கதைப்பாடல்களை அவ்வாவணங்களோடு அருகருகே வைத்து, பாடல் காட்டும் முகத்தையும் ஆவணம் காட்டும் கையொப்பத்தையும் சேர்த்து வாசிக்கும் பதிப்புகள் தேவை. வடகரை, நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், எட்டயபுரம் ஆகிய ஊர்களின் வாய்மொழி வழக்காறுகளைத் தொகுத்து அப்பதிப்புகளோடு இணைப்பது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.